செக்காலைக்கு வந்த பின்டர்

பின்டர் என்கிற இங்கிலீஷ் குடும்பப் பெயர் காரைக்குடிச் செக்காலையில் வந்து இறங்கியது ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை, முற்பகலில். அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய். முருங்கைக்காய் வரத்தே இல்லை. பெயர் வந்து அரைமணி நேரம் ஆவதற்குள் முதல் மாடு யூஜினியா டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட செவலைப் பசு. கேட்டை முட்டவில்லை, வேலியோரத்துச் செம்பருத்தியில் வாய் வைக்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு மனுக் கொடுக்க வந்த ஆள் மாதிரி, தன் முறை வரட்டும் என்று நின்றது.

பெயரைத் தேடி யூஜினியா போகவில்லை. குடும்பப் பெயர் இல்லாமல் இங்கிலாந்துக்குப் போகமுடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். மகள் மரிய அனிதா வட இங்கிலாந்தில் ஒரு மலையடிவார ஊரில் நர்ஸ் வேலையில் இருந்தாள். புரட்டாசியில் தலைப்பிரசவம். அந்த உடம்போடு பிளேன் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய்வீடுதான் மகளிடம் போகவேண்டும் என்று யூஜினியா முடிவு செய்தாள். அவளுடைய சொந்தப் பிரசவத்தின்போது அவளுக்குத் தாய் உயிரோடு இல்லை. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் பக்கத்துக் கட்டில்காரியின் தாய் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளின் முகம்கூட இப்போது நினைவில்லை, கை மட்டும் நினைவிருக்கிறது. தன் மகள் இன்னொருத்தியின் தாயைக் கடன் வாங்கக்கூடாது. சுக்கும் திப்பிலியும் இடித்துச் சலித்து டப்பாவில் போட்டு, மூடிமேல் சிலுவையும் போட்டு வைத்துவிட்டாள். ஆரம்பப்பள்ளியில் முப்பது வருஷம் சத்தம் போடாமல் பாடம் நடத்தியவள். ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான்.

டிராவல்ஸ் வைத்திருந்த செல்வம் பாஸ்போர்ட்டுக்காகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே, "குடும்பப் பேரு என்னம்மா?" என்று கேட்டான்.

"எங்க குடும்பத்துக்கு எதுக்குப்பா தனியாப் பேரு? எங்களைத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

"இந்தக் கட்டத்துக்குத் தெரியலையேம்மா. நிரப்பாம அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. அப்பா பேரைப் போட்டுருவோமா? எல்லாரும் அதைத்தான் போடுறாக."

"எங்கய்யா சவரிமுத்து வாத்தியாரு. கோட்டையூர்ல அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்ட ஆளு கிடையாது. அங்க ஏர்போர்ட்ல ஒரு சின்னப்பய வந்து, 'சவரிமுத்து, இங்குட்டு வா, செருப்பைக் கழட்டு'ம்பான். நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"அப்ப ஊர்ப் பேரு?"

கணவர் ஞானசேகர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குறுக்கே வந்தார். "ஊர்ப் பேரை வச்சோம்னா ஊரே சொந்தம்னு வந்து நிக்கும். வேணாம்."

இந்த விவகாரத்தை அனிதா தன் வீட்டுக்காரம்மாளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். டோரதி பின்டர், தொண்ணூறு தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். மாடியை அனிதாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அனிதாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். அனிதா தமிழில் சொன்னாள்: "யம்மா, இவங்களுக்கு அப்புறம் பின்டர்ங்கிற பேருக்கு ஆளே இல்லையாம். உனக்குப் பிரியம்னா எடுத்துக்கிடச் சொல்றாங்க. சும்மா வீணாப் போகுதாம்."

இந்த இடத்தில்தான் யூஜினியா தப்புச் செய்தாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள். அவள் இருந்ததோ காரைக்குடி. பிள்ளையில்லாத செட்டியார் வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து வளர்ந்த பிள்ளையைக் கூட்டிவந்து, அந்த வீட்டுக் குடும்பப் பெயரான விலாசத்தை அவன் தலையில் வைத்து, வீடு அணையாமல் பார்த்துக்கொள்வதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். பிள்ளை கூட்டுகிற விருந்துகளில் கணக்கில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள். அதனால் உடனே உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத்துணி எல்லாம் வைத்து எடுத்துவந்து போனுக்கு நேரே நீட்டி, "பிரியமா எடுத்துக்கிடுறோம்னு சொல்லு" என்றாள். அந்தப் பக்கம் டோரதி அம்மாள் இரண்டு கையையும் நீட்டி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். தட்டிலிருந்த வெற்றிலையில் பாதி குறைந்திருந்ததை ஞானசேகர் பிறகு பார்த்தார். ஆனால் விருந்துக்குப் போகிறவள் பார்த்தது விருந்தை மட்டும். அதற்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து என்னென்ன கேட்டுக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பெயரோடு கூட என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை வைத்ததும் வீட்டுக்குள் நனைந்த வைக்கோல் வாடை எழுந்தது. கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டதுபோல ஒரு கனம் யூஜினியாவுக்கு. ஞானசேகர் தும்மினார். பெயர் இருவருக்கும் பொதுவாகத்தான் வந்தது. ஆனால் அதிகாரம் முழுவதும் அவளுக்குப் போய்விட்டது, அவருக்கு வைக்கோல் வாடை மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. யூஜினியா டீச்சர் என்று பேர் சேர்த்து யாராலும் சொல்ல முடியாமலும் போயிற்று. நாக்கு தானாக யூஜினியா பின்டர் என்று போய் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார், பூசை யார் யாருக்காக என்கிற கருத்து வாசிக்கும்போதே அப்படி வந்துவிட்டது. அவர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேற்கொண்டு வாசித்தார்.

பெயர் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளேயே கல்லுக்கட்டிக் கடைவீதியில் படுத்துக்கிடக்கும் காளைகள், பழைய பஸ் ஸ்டாண்டில் வாழைத்தோல் தின்னும் கன்றுகள், செக்காலை ரோட்டு நடுவில் நின்று ஆட்டோக்காரர்களுக்குப் பொறுமை கற்றுக்கொடுக்கும் பசுக்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. எந்த மாடு யாருடையது என்று தாமாகவே பிரிந்து, வரிசை வரிசையாக, ஆட்டோ போக வழி விட்டு நின்றன. முதலில் வந்த செவலையை விரட்டலாம் என்று யூஜினியா வெளியே வந்து அதன் நெற்றியில் கை வைத்தாள். வைத்ததும் அவள் வாய் தானாகப் பேசியது. "நீ வேல்பாண்டி மாடு. பொன்னுத்தாயி கடையில ரெண்டு கட்டு அரைக்கீரை தின்னுருக்க. அப்புறம் ஒரு மாநாட்டுப் போஸ்டர், பசையோட." செவலை தலையைக் குனிந்துகொண்டது.

வேல்பாண்டி பால் வியாபாரி. திருப்பத்தூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். காலையில் பாலைக் கறந்துகொண்டு மாட்டை அவிழ்த்து ரோட்டில் விட்டுவிடுவான். தீவனச் செலவை ஊர் ஏற்றுக்கொள்ளும். இருட்டும் முன்னால் கயிற்றோடு வந்தவன் செவலையை இழுத்தான். அது அம்மிக்கல் மாதிரி நின்றது.

"டீச்சரம்மா, என் மாட்டுக்கு என்ன வச்சீக?"

"நான் ஒண்ணும் வைக்கலை. நீ பொன்னுத்தாயிக்கு ரெண்டு கட்டுக் கீரை வாங்கிக் கொடு. அப்புறம் போஸ்டர் ஒண்ணு ஒட்டணும்."

"யாரு போஸ்டரு?"

சொன்னாள். வேல்பாண்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அந்தக் கட்சியா? எங்க வீட்ல மூணு தலைமுறையா அவங்களுக்கு எதிர்த்தாப்லதான் குத்துறோம். என் கையால ஒட்டுறதா? மாடு இங்கயே கிடக்கட்டும்."

மாடு அங்கேயே கிடந்தது. கறக்க உட்கார்ந்தால் பால் இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பசை வாளியோடு ஒருவன் பெரியார் சிலைப் பக்கம் போஸ்டர் ஒட்டியதைப் பலரும் பார்த்தார்கள். வேல்பாண்டி என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒட்டி முடித்ததும் செக்காலையில் செவலை நடந்தது.

பக்கத்து வீட்டுச் சாலா ஆச்சிக்கு இது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டு கேட்டார்:

"ஏன்டி, பேரை வாங்குனியே, அந்த வீட்டுல என்ன வேலை பார்த்தாக, என்ன முறை செய்யணும்னு கேட்டியா?"

"கேக்கலையே ஆச்சி."

"எங்க வீட்டுச் செட்டியாரும் கூட்டிவந்த பிள்ளைதான். மூஞ்சியே பார்க்காத மூணு தலைமுறைக்கு வருஷா வருஷம் படைக்கிறாக. அதுல ஒருத்தருக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சாத்தான் ஆகும். செட்டியாருக்குக் கருவாடு ஆகாது. ஆனா வைக்கிறோம்ல? பேரை மட்டும் உருவிக்கிட்டு வேலையை அங்கயே விட்டுட்டு வரமுடியுமாடி?"

வேலை என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாக யூஜினியாவுக்கே தெரிந்துவந்தது. கத்தரிக்காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, யாரோ சொல்லக் கேட்டதுபோல வரும். சுவரோரம் போய் ஆச்சியிடம் சொல்லிவிடுவாள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையடிவாரத்தில் ஆதாம் என்று ஒருவன் இருந்தான். ஊரில் அவிழ்ந்து அலையும் ஆடுமாடுகளைப் பிடித்து, கல்லடுக்கிக் கட்டிய பட்டியில் அடைத்து, தின்றதற்கு ஈடு வாங்கிக்கொண்டு விடுவது அவன் உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்குத்தான் அந்த ஊர் பாஷையில் பின்டர் என்று பெயர். உத்தியோகம் பெயராகி, பெயர் பிள்ளைக்குப் போய், பிள்ளை ரொட்டி சுட்டாலும் பேரன் கப்பலுக்குப் போனாலும் பெயர் விடவில்லை.

"ஊர்ல ஒருத்தருக்கும் அவனைப் பிடிக்காதாம் ஆச்சி. பொண்ணு கொடுக்க மாட்டோம்னுட்டாகளாம்."

"அப்புறம் எப்படி வம்சம் வந்துச்சு?"

"ஒரு விதவை வாத்தைப் பிடிச்சு அடைச்சிருக்கான். அந்தம்மா வாத்துக்காகச் சண்டை போட வந்துச்சாம். தினம் வந்துச்சாம். வாத்து செத்துப்போன பிறகும் வந்துச்சாம்."

"அது சரி" என்று ஆச்சி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

"அவன் பேரன் ஒருத்தன், கோயில் சாமியாரோட பன்னியைப் பிடிச்சுக் கட்டிட்டானாம். சாமியார் நரகத்துக்குப் போவேன்னு சாபம் விட, 'போறேன், ஆனா முட்டைக்கோசுக்கு ஈடு கொடுத்துட்டு பன்னியை ஓட்டிக்கிட்டுப் போங்க'ன்னானாம்."

"நம்ம ஃபாதருகிட்ட இதைச் சொல்லித் தொலைச்சிராதடி."

அப்படி எட்டு நூற்றாண்டு தேய்ந்து தேய்ந்து வந்த பெயர், கடைசியில் மாட்டைக் கண்டால் பயந்து ரோட்டைக் கடக்கும் டோரதி அம்மாளிடம் வந்து நின்றிருக்கிறது. பெயரைக் கொடுத்த மறுநாளிலிருந்து அந்த ஊரில் யார் அவரைக் கூப்பிட்டாலும் வெறும் டோரதி என்றுதான் வந்ததாம். அம்மா செத்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்று அந்த அம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாராம், பிறகு கேக் செய்தாராம். அனிதா போனில் சொன்னாள்.

ஆனி, ஆடி போயின. கெஜட்டில் பெயர் வந்தது, பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. காரைக்குடி ரோடுகளில் மாடு இல்லாமல் ஆட்டோக்கள் பறந்தன. பிரேக் பிடிக்கும் பழக்கமே விட்டுப்போய் இரண்டு பேர் சாக்கடையில் விழுந்தார்கள். கீரைக்காரிகள் கீரையைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மாட்டுக்காரர்கள் முதலில் யூஜினியாவைத் திட்டினார்கள், பிறகு மாட்டைத் திட்டினார்கள், கடைசியில் கட்டிப்போடப் பழகினார்கள். ஆனாலும் எந்நேரமும் ஏதோ ஒன்று அவிழ்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. ஞானசேகர் மாட்டுக்குப் பயந்து பின்வாசல் வழியாகவே போய்வந்தார். மாடுகள் அவருடைய வைக்கோல் வாடைக்குத் தலையைத் திருப்பிப் பெருமூச்சு விட்டன.

ஆவணியில்தான் யூஜினியாவுக்குப் பயணத்தின் சிக்கல் புரிந்தது. திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். தாலி கட்டி முடிவதற்குள் அந்த ஊர்ச் சந்தை மாடெல்லாம் மண்டப வாசலில் வரிசையாக நின்றன. மாப்பிள்ளை வீட்டார் மொய் எழுதுவதை நிறுத்திவிட்டு மாட்டை எண்ண ஆரம்பித்தார்கள். நாட்டரசன்கோட்டைக்கு ஒரு துக்கத்துக்குப் போனாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே செக்காலை மாடுகள் நடந்துவந்து சேர்ந்தன, வழியில் ஒரு வயலில்கூட வாய் வைக்காமல். மாடுகளும் துக்கம் கேட்க வந்ததாக நினைத்து, இறந்தவரை நல்ல மனுஷன் என்று அன்றைக்குத்தான் ஊர் பேசிக்கொண்டது.

"திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்துருமே செல்வம்" என்றாள்.

"ஓடுதளத்துல மாடு நின்னா பிளேன் எந்திரிக்காதும்மா. உங்களையும் விடமாட்டாக."

"பேரை வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டா?"

"பாஸ்போர்ட் செல்லாதும்மா."

பெயர் இருந்தால் மாடு விடாது, பெயர் இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். யூஜினியா மூடிமேல் சிலுவை போட்ட டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சோறு வடிக்கவில்லை, அழுதாள். அவள் அழுது பார்த்திராத ஞானசேகர் முன்வாசல் வழியாகவே, மாடுகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு புகுந்து, சாலா ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஆச்சி வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "இதுக்கா இப்படி உக்காந்திருக்க? எங்க செட்டியாரு ரெண்டு வருஷம் மலேயாவுல மாட்டிக்கிட்டாக. படைப்பு நின்னுச்சா? இன்னொரு பங்காளிகிட்ட முறையை மாத்திவிட்டோம். நீயும் ஒரு பங்காளியைப் பிடி."

"மாட்டுக்குப் பங்காளியை எங்க ஆச்சி போய்ப் பிடிக்கிறது?"

"யாரு மாடு நிறைய இங்க நிக்குதோ அவன்தான்."

நிறைய நின்றவை வேல்பாண்டியின் மாடுகள்தான். அவன் முதலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "என்னைப் பிடிச்சு அடைக்க ஒரு பேரு, அதை நானே வச்சுக்கிடணுமா?" பிறகு சிரிப்பு நின்றது. குரலை இறக்கி, "இது இங்கிலீஸ்காரன் பட்டமா டீச்சரம்மா?" என்று கேட்டான்.

"எண்ணூறு வருஷத்துப் பட்டம்."

"எங்க பெரியப்பாவுக்கு அம்பலம்னு பட்டம். கோயில்ல முதல் மரியாதை. அவுக மகனுக்கும் அதுதான். எனக்கு என்ன இருக்கு? பால்காரன்னு கூப்பிடுறாக. இதை ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கிடலாமா?"

"தாராளமா."

அவன் மனைவி சித்ரா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு மேய மாட்டை அவுத்து விட்டதுக்கு இவுகளுக்குப் பட்டம் வேற!"

இந்தமுறை யூஜினியா விருந்தை நினைக்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை சாலா ஆச்சி நடுவில் உட்கார, எல்லாம் பேசினார்கள். தன் மாட்டுக்கும் பிறத்தியார் மாட்டுக்கும் ஒரே ஞாயம். தின்றது எந்தக் கட்சிப் போஸ்டராக இருந்தாலும் ஒட்டியே ஆகவேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் வேல்பாண்டி வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்து சம்மதித்தான். ஊரில் இருக்கும் மாட்டுக்கு அவன் பொறுப்பு. ஊர் தாண்டினால் அவள் பொறுப்பு. பெயர் இருவருக்கும் பொது, அவள் திரும்பி வந்தாலும் அவனிடமிருந்து போகாது. பிறகுதான் தட்டு வந்தது. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து வாங்கினான். தெருவில் நின்ற அத்தனை மாடும் ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தன. அவனுக்கு உடம்பு ஒருமுறை குலுங்கியது. நேரே போய்ச் செவலையின் நெற்றியில் கை வைத்தவன், "அடப்பாவி, எங்க பெரியப்பா வீட்டு வாழையவா தின்ன?" என்றான். அன்று சாயங்காலமே வாழைக்கன்று வாங்கிக்கொண்டு, ஊருக்குள்ளேயே இருந்தும் பத்து வருஷமாகப் பேசாத பெரியப்பா வீட்டுக்குப் போனான். அங்கே காபி கொடுத்தார்கள். மாடுகள் அவன் பின்னால் போயின.

யூஜினியாவும் ஞானசேகரும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். புதுக்கோட்டை தாண்டும்போது ரோட்டோரம் நின்ற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, இரண்டு மூன்று எழுந்து நின்று மரியாதை செய்தன, பின்னால் வரவில்லை. கிளம்பிய ஊரில் பொறுப்புக்கு ஆள் இருந்தால் வழியில் இருப்பவைக்கும் அது போதும் என்று தெரிந்தது. ஏர்போர்ட்டில் ஒரு சின்னப்பையன் வந்து, "மிஸஸ் பின்டர், செருப்பைக் கழட்டுங்க" என்றான். அவள் சந்தோஷமாகக் கழற்றினாள். வானத்தில் மாடு இல்லை. ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

அந்த மலையடிவார ஊரில் கார் போய் நின்றபோது தூறிக்கொண்டிருந்தது. டோரதி அம்மாள் வாசலுக்கு வந்து, தன் பழைய பெயர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுபோல யூஜினியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஞானசேகரின் தோளருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்து, தன் தகப்பனார்மேல் வீசிய அதே வாடை என்று கண்டு, "அப்பா" என்று தன் பாஷையில் சொன்னார். டீ ஆறுவதற்குள் அனிதாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது, நாள் கணக்குக்கு ரொம்ப முன்னாலேயே. மருமகன் வேலையிலிருந்து வந்து சேருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அறையில் நின்ற நர்ஸ், கைப்பிடிக்கத் தன் கையை நீட்டினாள். "நான் இருக்கேன்" என்று யூஜினியா தமிழில் சொன்னாள். நர்ஸ் புரிந்துகொண்டு விலகினாள். "யம்மா, போயிராத" என்றாள் அனிதா. "எங்குட்டுப் போறேன்?" மறுநாள் பிற்பகல் வரை யூஜினியா அந்தக் கையை விடவில்லை, விரல் மரத்துப்போன பிறகும் விடவில்லை. பெண் குழந்தை பிறந்தது.

அதற்குள் மலையிலிருந்து செம்மறிகள் இறங்கி வந்து ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. டாக்டர் ஒருவர் குடையோடு வந்து, ஆடுகளைச் சுற்றி நடந்து, தன் காரில் ஏறிப் போனார். ஆட்டுக்காரர் ஒருவர் டிராக்டரில் வந்தார், ஜன்னலில் குழந்தையோடு நின்ற யூஜினியாவைப் பார்த்தார், அவள் கையைக் காட்டிய பக்கம் போய், ஆடுகள் தின்றுவிட்ட ரோஜாச் செடிகளுக்குப் பதில் வேறு செடி வைத்துவிட்டுத் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மற்றவர்களுடைய ஆடுகள் நின்றன. அந்த வாரமே நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து தெற்கு ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டு, ஆடுகளுக்கு என்று தனியாகப் பிரித்துவிட்டுப் போனார். ஆடுகளும் கோட்டுக்குள்தான் நின்றன.